தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம்: அண்ணாமலை நகர் உருவான கதை!

"எங்க படிச்சீங்க?"

"அண்ணாமலை யுனிவர்சிட்டி."

"நேராவா... கரஸ்லயா?"

தமிழ்நாட்டில் இந்த உரையாடலைக் கேட்காதவர்கள் குறைவு. உங்கள் வீட்டிலேயே சித்தப்பாவோ, அத்தையோ, பக்கத்து வீட்டு டீச்சரோ 'அண்ணாமலை'யில் பட்டம் வாங்கியிருப்பார்கள். அவர்களில் பலர் பரீட்சை எழுதிய நாள்களைத் தவிர அந்தப் பல்கலைக்கழகத்தோடு நேரடித் தொடர்பே இல்லாதவர்கள். சிதம்பரம் வளாகத்தில் கால் வைக்காமலேயே பட்டதாரி ஆனவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கி, சேர்ந்து வாழ்ந்து படிக்க வேண்டும்' என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. அதே இடம் எப்படித் தபால்வழிப் படிப்பின் மறுபெயராக மாறியது? ராஜா கட்டிய பல்கலைக்கழகம் எப்படி அரசின் கைக்குப் போனது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால், கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்போம். இந்த வளாகத்துக்குச் செலவு செய்தது யார்?

கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிப்போம்.

சம்பந்தர் தங்கிய ஊர்

சிதம்பரத்தில் நடராஜர் கோயில் ஒரு பக்கம், பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம், நடுவில் ரயில் பாதை. தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். இன்று அது தனிப் பேரூராட்சி. 1,000 ஏக்கருக்கு மேல் பரந்த வளாகம். கலை, அறிவியல், பொறியியல், வேளாண்மை, இசை என்று எல்லாமே ஒரே சுற்றில்.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன் அந்த இடத்துக்கு அடையாளம் திருவேட்களம். அர்ச்சுனன் பாசுபதாஸ்திரம் பெற்றதாகச் சொல்லப்படும் பாடல் பெற்ற தலம். தில்லைக்கு வந்த திருஞானசம்பந்தர், அந்தப் புனித மண்ணில் தங்கத் தயங்கி, திருவேட்களத்தில் தங்கிக்கொண்டு தினமும் நடந்து போய் நடராஜரை வழிபட்டார் என்பது மரபு. அந்தக் கோயில் இன்றும் வளாகத்துக்குள்தான் இருக்கிறது. 'எங்க ஹாஸ்டலோட முதல் மாணவர் சம்பந்தர்தான்' என்று யாராவது பெருமை பேசினால் மறுக்க முடியாது!

கல்லூரி முதலில், பல்கலைக்கழகம் அப்புறம்

கானாடுகாத்தானில் 1881-ல் பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போய்ப் பொருள் ஈட்டிய நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்தின் செல்வத்தில் ஒரு பகுதி கோயில் திருப்பணிகளுக்கும் சத்திரங்களுக்கும் பாடசாலைகளுக்கும் போவது வழக்கம். அண்ணாமலைச் செட்டியார் அதைக் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பினார்.

1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி அந்தக் கல்லூரியின் முதல்வராக வந்தார். பின்னாளில் சோழர் வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர். அடுத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரி. அதற்கு முதல்வராக 1924 முதல் 1927 வரை இருந்தவர், நம் உ.வே.சாமிநாதையர். பின்னர் இசைக்கும் ஒரு கல்லூரி வந்தது. ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ஆட்கள் வந்ததை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கல்லூரிகளையும், அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து, 'இதைப் பல்கலைக்கழகமாக ஆக்குங்கள்' என்றார் அண்ணாமலைச் செட்டியார். சென்னை மாகாண அரசும் தன் பங்குக்கு மானியம் தர ஒப்புக்கொண்டது. தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் சர் எஸ்.இ.ரங்கநாதன். அதே ஆண்டு செட்டியாருக்கு 'செட்டிநாட்டு ராஜா' பட்டமும் வந்தது.

அன்றைக்கு இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் இருந்த ஒரே பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். இது இரண்டாவது. மூன்றாவதாக மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது 1966-ல். இடைப்பட்ட 37 ஆண்டுகள், சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே பல்கலைக்கழகம் சிதம்பரத்தில்தான்!

'உறைவிடம்' என்றால் என்ன?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை விளங்கும். பல்கலைக்கழகங்களில் இரண்டு மாதிரிகள் உண்டு.

முதல் மாதிரி, இணைவு வழங்கும் பல்கலைக்கழகம். கல்லூரிகள் ஊர் ஊராக இருக்கும். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போடும், பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது.

இரண்டாவது, ஒருமை வகை உறைவிடப் பல்கலைக்கழகம். வெளியே கல்லூரிகளே கிடையாது. பாடம் நடத்துவதும், மாணவர் தங்குவதும், பரீட்சை நடப்பதும் ஒரே வளாகத்தில். பாடம் நடத்திய பேராசிரியரைச் சாயங்காலம் நடைப்பயிற்சியில் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம். பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் பக்கத்துப் பக்கத்து விடுதியில் இருப்பார்கள். அண்ணாமலை இந்த இரண்டாம் வகை.

இந்த மாதிரிக்குச் செலவு அதிகம். விடுதி, ஆசிரியர் குடியிருப்பு, தண்ணீர், சாலை, நூலகம், மருத்துவ வசதி என்று ஓர் ஊரையே கட்டி நடத்த வேண்டும். அதை யார் கொடுப்பது? முதல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பதில், ராஜாவின் கொடையும் அரசின் மானியமும். கொடுத்தவருக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. வேந்தர் ஆளுநர்தான். ஆனால், இணைவேந்தர் பதவி நிறுவனருக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுக்கும் உரியது. துணைவேந்தர் நியமனத்திலும் நிறுவனர் தரும் பெயர்ப் பட்டியலுக்கு இடம் இருந்தது.

பணம் கொடுத்தவர் நினைக்காதது

ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்களைத் தங்கவைத்தால் என்ன ஆகும்? பேசுவார்கள். பேசினார்கள்!

பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் வந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர். பின்னாளில் 'யாழ் நூல்' எழுதியவர். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. அவருக்குப் பின் 1933-ல் தமிழ்த் துறைத் தலைவரானார் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1930-களின் பிற்பகுதியில் நடந்த முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். அப்போது துணைவேந்தர், ஆங்கிலப் பேச்சுக்குப் பெயர்போன வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. வளாகத்தின் பெரிய அரங்குக்கு 'சாஸ்திரி ஹால்' என்று பெயர் வந்தது அவரால்தான்.

1940-களில் இங்கே படித்த இருவரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே தெரியும். இரா.நெடுஞ்செழியன், க.அன்பழகன். திராவிட இயக்கத்துக்குக் கிடைத்த கல்லூரிப் பேச்சாளர்களில் முன்வரிசைக்காரர்கள். ஆங்கில அரசிடம் பட்டம் பெற்ற ஒரு ராஜாவின் வளாகத்திலிருந்து அவர்கள் கிளம்பினார்கள் என்பதுதான் இதில் ருசியான செய்தி. இருவருமே பின்னாளில் தமிழ்நாட்டின் கல்வி அமைச்சர்கள் ஆனார்கள்.

ராஜாவுக்கும் ஒரு கனவு இருந்தது, தமிழிசை. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சம்ஸ்கிருதக் கீர்த்தனைகளே நிறைந்திருந்த காலம். 'தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் துக்கடாவாகவே இருக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு இங்கிருந்து வலு சேர்ந்தது. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுத்துப் பல்கலைக்கழகமே வரிசையாக நூல்கள் வெளியிட்டது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கழியில் சென்னை ராஜா அண்ணாமலை மன்றத்தில் தேவாரமும் தமிழ்க் கீர்த்தனையும் கேட்டு ரசிக்கிறீர்களே, அதன் வேரில் கொஞ்சம் சிதம்பரத்து மண் இருக்கிறது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் இங்கே இசை கற்பித்தார்கள்.

1948-ல் அண்ணாமலைச் செட்டியார் மறைந்தார். அவர் மகன் முத்தையா செட்டியார் இணைவேந்தரானார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார், திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி.ராமசாமி ஐயர் என்று துணைவேந்தர் நாற்காலியில் பெரிய பெயர்கள் தொடர்ந்தன. 1945-ல் பொறியியல், 1955-ல் வேளாண்மை என்று துறைகள் விரிந்தன. ஆந்திரா, கேரளாவிலிருந்தும் மாணவர்கள் ரயிலேறி வந்தார்கள்.

ராசேந்திரன் சிலை

1965 ஜனவரி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளையெல்லாம் தெருவுக்கு இழுத்த மாதம். ஜனவரி 27 அன்று ஊர்வலமாக வந்த அண்ணாமலை மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாணவர் ராசேந்திரன் அங்கேயே உயிரிழந்தார். அண்ணாமலை நகரில் நிற்கும் அவர் சிலையைப் பார்க்காமல் அந்த வளாகத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு காயம். மாணவர் போராட்டத்தின் அலையில் ஆட்சிக்கு வந்த தி.மு.க-வின் முதல்வர் மு.கருணாநிதிக்கு 1971-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போலீஸ் நடவடிக்கை, கலவரம், ஒரு மாணவரின் மரணம், அதன்மேல் விசாரணை. அந்த மரணம் பற்றிய வாதங்கள் இன்னும் அடங்கவில்லை. விடுதிகள் நிறைந்த வளாகத்தில் ஒரு நாள் கோபம் ஒரே ராத்திரியில் எல்லா அறைக்கும் பரவிவிடும். உறைவிட வாழ்க்கையின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

சேறும் சதுப்பும் ஒரு பாடம்

அரசியல் பேசியே வளாகத்தின் இன்னொரு முகத்தை மறந்துவிடக் கூடாது. பக்கத்தில் கடல் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. 1960-களில் யு.ஜி.சி-யின் உயராய்வு மையம் என்ற தகுதி இதற்குக் கிடைத்தது. மொழியியல் துறைக்கும் அதே தகுதி கிடைத்தது. ஆற்று முகத்துவாரமும் பிச்சாவரம் சதுப்பு நிலக் காடுகளுமே அந்த மாணவர்களுக்கு ஆய்வுக்கூடம்.

2004 சுனாமிக்குப் பிறகு இதன் அருமை வெளியே தெரிந்தது. இந்த மையத்தைச் சேர்ந்தவர்கள் 18 கடலோரக் குக்கிராமங்களை எடுத்து, எங்கே உயிரிழப்பு அதிகம், எங்கே குறைவு என்று ஒப்பிட்டார்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளியும், மேடாகவும், சதுப்புக் காடுகளுக்குப் பின்னாலும் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று எழுதினார்கள். 'காடு எவ்வளவு காப்பாற்றியது, தூரமும் மேடும் எவ்வளவு காப்பாற்றின?' என்று உலக அளவில் ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். பக்கத்து ஊர் மீனவர்களின் உயிரைப் பற்றிய கேள்வியைப் பக்கத்துப் பல்கலைக்கழகமே கேட்டது இல்லையா? ஒரு வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

தபாலில் வந்த பணம்

இப்போது 'கரஸ்' கதைக்கு வருவோம். 1979-ல் தொலைதூரக் கல்வி இயக்ககம் தொடங்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகி வீட்டில் இருப்பவர்கள், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள், பட்டம் இருந்தால் பதவி உயர்வு வரும் என்று காத்திருந்த அரசு ஊழியர்கள்... இப்படி லட்சக்கணக்கானோருக்கு அது கதவு திறந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணாமலைப் புத்தகத்தைப் படித்துப் பட்டம் வாங்கி, குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பெண்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் இருக்கும்.

கணக்கையும் பார்ப்போம். நேரில் படிக்கும் மாணவருக்கு அறை, ஆய்வகம், ஆசிரியர், விடுதி எல்லாம் வேண்டும். தபாலில் படிப்பவருக்கு அச்சடித்த புத்தகமும் பரீட்சைக் கூடமும் சில நாள் தொடர்பு வகுப்பும் போதும். கட்டணத்தில் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் வளாகத்துக்குள் பாயத் தொடங்கியது. 1980-ல் பல் மருத்துவக் கல்லூரி, 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று வளாகமும் பெருத்தது. ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது.

இங்கேதான் சிக்கல். தபால்வழி வருமானம் ஏறும், இறங்கும். மாதச் சம்பளம் இறங்காது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மற்ற பல்கலைக்கழகங்களும் தொலைதூரக் கடை விரித்தன. போட்டி கூடியது. 2012 கடைசியில் பல்கலைக்கழகம் 'நிதி நெருக்கடி' என்று கைவிரித்தது. சம்பளத்தில் கை வைக்கப்போகிறார்கள் என்ற செய்தியில் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அண்ணாமலை நகரில் சம்பளம் நின்றால் சிதம்பரத்தில் மளிகைக் கடைப் பாக்கியும் நிற்கும், வீட்டு வாடகையும் நிற்கும். ஊரே பதறியது.

ராஜாவிடமிருந்து அரசுக்கு

2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நிர்வாகியாக ஓர் ஐ.ஏ.எஸ் அதிகாரியை நியமித்தது. அதே ஆண்டு புதிய சட்டம் வந்தது. நிறுவனர் குடும்பத்தின் சட்ட உரிமைகள் முடிவுக்கு வந்தன. 1929-லிருந்து தொடர்ந்த ஏற்பாடு 84 ஆண்டுகளில் முடிந்தது.

அப்புறம் நடந்தவை வேகமானவை. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர், வெளியூர் போய் லாட்ஜில் தங்கி வேலை பார்க்கும் நிலை. வேலை தப்பியது, வீடு பிரிந்தது.

மருத்துவ மாணவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். 'அரசுதானே நடத்துது? அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் தனியார் கல்லூரி மாதிரி ஃபீஸ்?' 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 50 நாள்களுக்கு மேல் நீடித்தது. 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி, அரசுக் கல்லூரிக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. இன்று அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி.

அதே 2021-ல் இன்னொரு பெரிய மாற்றம். விழுப்புரத்தில் தொடங்கப்பட்டிருந்த ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன. 'வெளியே கல்லூரியே கிடையாது' என்று தொடங்கிய பல்கலைக்கழகம், இணைவு வழங்கும் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது.

படிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

அண்ணாமலையில் நேரில் சேருவதா, தொலைதூரத்தில் சேருவதா என்று யோசிக்கிறீர்களா? ஒரு முக்கிய விஷயம். தொலைதூரப் படிப்புக்கு யு.ஜி.சி அனுமதி தனியாக வேண்டும். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று அது வரையறுத்தே கொடுக்கப்படும். 2014-15 வரைதான் அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு அனுமதி இருந்தது என்று 2022-ல் யு.ஜி.சி அறிவித்தபோது, அதற்குப் பின் சேர்ந்தவர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பது நினைவிருக்கலாம். எனவே, எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் நீங்கள் சேரும் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'பழைய யுனிவர்சிட்டிதானே, இருக்கும்' என்று நம்பிவிடாதீர்கள்.

ராஜா கொடுத்தார், தபால்வழி மாணவர்கள் கொடுத்தார்கள், இப்போது நம் வரிப்பணம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் வளாகத்தின் உருவமும் மாறியிருக்கிறது. இனி அதன் வகுப்பறையில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலும், விடுதிச் சுவர் பெயர்ந்து கிடந்தாலும் 'அது செட்டியார் வீட்டு விஷயம்' என்று ஒதுங்க முடியாது. கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த முறை சிதம்பரம் போனால், தரிசனம் முடித்து, இட்லி கொத்சு சாப்பிட்டுவிட்டு நேராக ரயிலேறிவிடாதீர்கள். தண்டவாளத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். திருவேட்களத்தில் ஒரு கும்பிடு, ராசேந்திரன் சிலை முன் ஒரு நிமிடம். உங்கள் சித்தப்பாவின் பட்டத்தில் இருக்கும் பெயர் எந்த ஊரின் பெயர் என்று நேரில் பார்த்த மாதிரியும் இருக்கும்.